முன்னதைப் பார்த்துப் பின்னதை வாங்குங்கள்



முன்சக்கரத்துக்கு ஓர் அளவு, பின்சக்கரத்துக்கு அதைவிட அகலமாக இன்னோர் அளவு என்று தொழிற்சாலையிலிருந்தே வரும் ஸ்போர்ட்ஸ் கார்களை ‘ஸ்டாகர்ட்’ என்பார்கள். அப்படி ஒரு கார் கைக்கு வந்து, பின் டயர் தேய்ந்து, முதல்முறையாகக் கடையில் போய் நிற்கும்போது நாலு பேர் நாலு அளவு சொல்வார்கள். ‘இருப்பதைவிட அகலமாகப் போடு, பார்க்க நன்றாக இருக்கும்’ என்பார் ஒருவர். ‘இந்த அளவு ஸ்டாக்கில் இருக்கிறது, இதுவே உட்கார்ந்துவிடும்’ என்பார் கடைக்காரர். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. ஆனால் மழை பெய்த சாலையில் அந்தக் காரை வளைவில் திருப்பப் போவது அவர்கள் இல்லை, நீங்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஹோண்டா எஸ்2000-ஐ நெடுக வைத்துக்கொள்கிறேன். 1999 முதல் 2009 வரை தயாரான, இரண்டே பேர் உட்காரும் ஜப்பானியத் திறந்த கார். அந்தக் காலத்துக்குள் ஹோண்டாவே அதன் பின் டயர் அளவை இரண்டு முறை மாற்றியது. பின் டயரைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை.

1. முதலில் டயர் மேல் இருக்கும் எண்களை வாசிக்கப் பழகுங்கள்

2004-க்குப் பிந்தைய எஸ்2000-இன் பின் டயரில் 245/40 ஆர்17 91டபிள்யூ என்று இருக்கும். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91-ம் டபிள்யூவும் சுமையையும் வேகத்தையும் சொல்பவை; அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இந்த மூன்று எண்களிலிருந்து டயரின் முழு உயரத்தைக் கணக்கிட ஒரு பென்சில் போதும். 17-ஐ 25.4-ஆல் பெருக்கினால் 431.8 மி.மீ. பக்கச்சுவர் 245-இல் நூற்றுக்கு நாற்பது, அதாவது 98. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சுவர், 196. கூட்டினால் 627.8 மி.மீ. கடைக்காரர் எந்த அளவைச் சொன்னாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பக்கச்சுவர் எண் ஒரு விகிதம் என்பதால், அகலத்தை மட்டும் கூட்டினாலும் உயரமும் கூடிவிடும். 245/40-க்குப் பதில் 255/40 போட்டால் அகலம் 10 மி.மீ. கூடுவதோடு உயரமும் 8 மி.மீ. கூடி 635.8 ஆகிறது. சரி, 35-க்கு இறங்கலாம் என்று 255/35 வாங்கினால் உயரம் 610.3-க்கு விழுந்துவிடும். அசல் அளவைவிட நூற்றுக்கு 2.8 குறைவு. பார்ப்பதற்கு வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்ததுபோல் இருக்கும். பார்வைக்குத் தெரியாத கேடு அடுத்த அறிவுரையில் இருக்கிறது.

2. முன் டயரின் உயரத்தைப் பக்கத்தில் எழுதாமல் பின் டயரை முடிவு செய்யாதீர்கள்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் மறந்து போனாலும் இது நினைவில் இருக்கட்டும்.

ஏபிஎஸ்ஸும், வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் நான்கு சக்கரங்களின் சுழற்சி வேகத்தையும் நொடிக்குப் பலமுறை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றினால், பின் டயர் பிடிப்பை இழந்து வழுக்குகிறது என்று அந்தக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். நேர்ச்சாலையில் ஒழுங்காகப் போகும்போது எந்தச் சக்கரம் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதைத் தொழிற்சாலை அளவை வைத்துத்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பின்னால் குட்டையான டயரைப் போட்டால், பின் சக்கரம் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். அப்புறம் தேவையில்லாத நேரத்தில் என்ஜினின் வேகம் அடங்கும், எச்சரிக்கை விளக்கு எரியும். அதைவிட மோசம், தேவைப்படும் நேரத்தில் அது தப்பாகக் கணிக்கும்.

அப்படியென்றால் முன்னும் பின்னும் ஒரே உயரமாக இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். அப்படியும் இல்லை. இந்தக் கணக்கைப் பாருங்கள். 1999-இல் வந்த முதல் எஸ்2000-இல் முன்னால் 205/55 ஆர்16, பின்னால் 225/50 ஆர்16. உயரம் 631.9, 631.4. கிட்டத்தட்ட சமம். ஆனால் லோட்டஸ் எலீஸ் இரண்டாம் தலைமுறையில் முன்னால் 175/55 ஆர்16, பின்னால் 225/45 ஆர்17. உயரம் 598.9, 634.3. பின்னது முன்னதைவிட நூற்றுக்கு ஆறு அளவுக்கு உயரம். போர்ஷே 911-இல் 997 என்ற தலைமுறையின் கரேரா எஸ் காரில் முன்னால் 235/35 ஆர்19, பின்னால் 295/30 ஆர்19, 647.1-க்கு 659.6. நிசான் ஜிடி-ஆர் ஆர்35-இல் முன்னால் 255/40 ஆர்20, பின்னால் 285/35 ஆர்20. இங்கே முன் டயர்தான் நான்கைந்து மில்லிமீட்டர் உயரம்.

ஒவ்வொரு காருக்கும் அதன் விகிதம் வேறு. உங்கள் காரின் பின் உயரத்தை முன் உயரத்தால் வகுத்து அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது ஜோடி அந்த எண்ணிலிருந்து நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் விலகக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு. ஜிடி-ஆர், போர்ஷே கரேரா 4 மாதிரி நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் அந்த வரம்பைக்கூட எடுத்துக்கொள்ளாதீர்கள். விகிதம் மாறினால் முன்பக்கத்துக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம் ஓய்வே இல்லாமல் உரசிச் சூடாகும். அதை மாற்றும் செலவில் பல ஜோடி டயர் வாங்கலாம்.

3. பின்னால் ஏன் அகலம் வைத்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

அழகுக்காக என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காரணம் பழையது, கசப்பானதும்கூட.

வளைவில் முன் டயர் முதலில் பிடிப்பை இழந்தால், கார் நீங்கள் திருப்பியதைவிடக் குறைவாகத் திரும்பும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பின் டயர் முதலில் விட்டால் வண்டியின் வால் வீசிக்கொண்டு வரும். அப்போது பயந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் இன்னும் லேசாகி, வீச்சு அதிகமாகும். தேர்ந்த ஓட்டுநருக்கே அதைப் பிடிக்க ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் கிடைக்கும். எனவே பொதுச்சாலைக்கு வரும் காரில் முன் டயர் முதலில் விடும்படி அமைப்பதே பொறியாளர்களின் வழக்கம். என்ஜின் பின்னாலோ நடுவிலோ இருந்தால், அல்லது முழுச் சக்தியும் பின் சக்கரத்துக்கே போனால், அதற்குச் சுலபமான வழி பின்னால் அகலமான டயர்.

1960 மாடலாக அமெரிக்காவில் வந்த ஷெவர்லே கோர்வேர் காரில் என்ஜின் பின்னால் இருந்தது; நான்கு டயரும் ஒரே அளவு. பின் எடையைச் சமாளிக்க முன்னால் 15 பிஎஸ்ஐ, பின்னால் 26 பிஎஸ்ஐ காற்று வைக்கச் சொன்னார்கள். நான்கு சக்கரத்துக்கும் ஒரே காற்று பிடித்துப் பழகிய ஊரில், வண்டியின் பாதுகாப்பு அந்த 11 பிஎஸ்ஐ வித்தியாசத்தின்மேல் நின்றது. கார்களின் பாதுகாப்புக் குறைகளைச் சாடி அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியதுதான்.

போர்ஷே 911-உம் இதே தலைவலியோடுதான் பிறந்தது. தொடக்க காலத்தில் முன்பம்பருக்குப் பின்னால் இரும்புக் கட்டிகளை வைத்து எடையைச் சரிக்கட்டப் பார்த்தார்கள். 1969 மாடலில் முன், பின் சக்கரங்களுக்கு இடையேயான தூரத்தை 57 மி.மீ. நீட்டினார்கள். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்த கரேரா ஆர்எஸ் 2.7-இல்தான் முன்னால் 185/70, பின்னால் 215/60 என்று டயரையே பிரித்து வைத்தார்கள். இன்றைய 911-இன் பருத்த பின்புறத்துக்கு அதுதான் மூதாதை.

டொயோட்டா எம்ஆர்2-வும் இதே வழியில் வந்தது. என்ஜின் நடுவில் இருந்த அதன் இரண்டாம் தலைமுறையில் முதலில் முன்னால் 195/60 ஆர்14, பின்னால் 205/60 ஆர்14 என்று வெறும் 10 மி.மீ. வித்தியாசம். திடீரென்று வால் வீசுகிறது என்று பத்திரிகைகளும் ஓட்டியவர்களும் சொன்னபின், சஸ்பென்ஷனைத் திருத்தியதோடு டயரை முன்னால் 195/55 ஆர்15, பின்னால் 225/50 ஆர்15 என்று மாற்றினார்கள். முன் அகலத்தைத் தொடவே இல்லை, பின்னதை மட்டும் 20 மி.மீ. கூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எஸ்2000-இல் என்ஜின் முன்னால், எடை இரு பக்கமும் ஏறக்குறைய சமம். ஆனாலும் சக்கரத் தூரம் 2,400 மி.மீ. மட்டுமே, சட்டென்று சுற்றிவிடும் சுபாவம். முதல் மாடலைப் பற்றி வந்த அதே புகாருக்கு 2004 மாடலில் ஹோண்டா கொடுத்த பதில், பின் சஸ்பென்ஷனைத் திருத்தி, முன்னால் 215/45 ஆர்17-உம் பின்னால் 245/40 ஆர்17-உம் வைத்தது. முன்னால் 10 மி.மீ., பின்னால் 20 மி.மீ. அதிகம். இந்த வரலாற்றை அறிந்தவர் யாரும், பின்னால் குறுகலான டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க மாட்டார்.

4. அகலம் கூட்டினால் பிடிப்பு தானாகக் கூடிவிடும் என்று நம்பாதீர்கள்

டயர் தரையைத் தொடும் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது, அதன் மேல் இருக்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றும். எஸ்2000-இன் எடை ஏறக்குறைய 1,250 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 310 கிலோ சொச்சம் விழும். 32 பிஎஸ்ஐ காற்று வைத்தால் தொடும் பரப்பு சுமார் 140 சதுர செ.மீ. டயர் 225 ஆனாலும் 255 ஆனாலும் இது பெரிதாக மாறாது. மாறுவது அதன் வடிவம். அகலமான டயரில் அந்தப் பரப்பு குறுக்கே நீண்டு, நெடுக்கே குட்டையாகிறது. அதனால் வளைவில் ஸ்டீயரிங்குக்குச் சீக்கிரம் பதில் சொல்லும், சூடும் பரவலாகத் தாங்கும். ஆதாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் பின்னால் மட்டும் அந்த ஆதாயத்தைக் கூட்டினால், முன் டயர் பின்னதோடு போட்டி போட முடியாமல் முன்னதாகவே விட்டுவிடும். திரும்ப மறுக்கும் கார் ஆபத்து குறைந்ததுதான், ஆனால் ஓட்ட உற்சாகமே இருக்காது. 2008 மாடலாக அமெரிக்காவில் வந்த எஸ்2000 சிஆர் காரில் ஹோண்டா பின்னால் 255/40 ஆர்17 வைத்தது, முன்னதை 215/45-ஆகவே விட்டது. ஆனால் அந்தக் காருக்கென்று சஸ்பென்ஷனையும் தனியாக இறுக்கியது. சாதாரண மாடலில் அதே 255/40-ஐப் போட்டால் உயரம் நூற்றுக்கு 1.3 கூடும், என் வரம்பைச் சற்றே தாண்டுகிறது. ஆனாலும் இதே காரில், இதே அகல ரிம்மில் தொழிற்சாலையே வைத்துப் பார்த்த அளவு என்பதால் இதற்கு மட்டும் நான் தடை சொல்ல மாட்டேன். முன்பக்கம் கொஞ்சம் சோம்பலாகும், கியர் சற்று நீளும் என்பது தெரிந்து போடுங்கள். 265/40 என்றால் நூற்றுக்கு 2.5 கூடுகிறது. அது வேண்டாம்.

நான்கு சக்கரத்துக்கும் 255 போட்டு ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களும் உண்டு. அவர்கள் கை தேர்ந்தவர்கள், அலைன்மென்ட்டையும் அதற்கேற்ப மாற்றியிருப்பார்கள். ஹோண்டா உங்களுக்காகப் பின்னால் வைத்திருந்த பாதுகாப்பு அந்த அமைப்பில் இல்லை. முதல் வருஷத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

5. ரிம்மின் அகலத்தைக் கேட்காமல் டயர் வாங்காதீர்கள்

ரிம்முக்கு உள்பக்கத்தில் 17×8.5 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். 8.5 என்பது அகலம், அங்குலத்தில். ஒவ்வொரு டயருக்கும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குலம் வரை என்று உற்பத்தியாளர் ஒரு வரம்பு போட்டிருப்பார். 245/40-க்கு 8 முதல் 9.5 வரை. 255/40-க்கு 8.5 முதல் 10 வரை. எஸ்2000-இன் பின் ரிம் 8.5 என்பதால் அது கீழ் எல்லையில் உட்காருகிறது. முதல் மாடலின் 7.5 அங்குல ரிம்மில் 245-ஐ ஏற்றினால், பக்கச்சுவர்கள் உள்வாங்கி நடுப்பகுதி பிதுங்கும். அகலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, வளைவில் தள்ளாடும் டயரோடு வீட்டுக்கு வருவீர்கள்.

ரிம் அரை அங்குலம் மாறினால் டயரின் அகலம் 5 மி.மீ. அளவுக்கு மாறும் என்பது நினைவில் வைக்க வேண்டிய கணக்கு.

6. இடைவெளியைக் கண்ணால் பார்க்காதீர்கள், அளந்து பாருங்கள்

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும், ரிம் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம். ஈடி65 என்றால் 65 மி.மீ. இந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே நகரும். எஸ்2000-இன் அசல் பின் ரிம் 8.5 அங்குலம், ஈடி65. அதற்குப் பதில் 9 அங்குலம், ஈடி63 ரிம் வாங்கினால் வெளிப்பக்கம் 8 மி.மீ. சொச்சம் வெளியே வரும், உட்பக்கம் 4 மி.மீ. சொச்சம் உள்ளே போகும். அரை அங்குல அகலத்தைப் பாதியாக்கி, ஆஃப்செட் வித்தியாசத்தை ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் கழித்தால் வருகிற கணக்குதான்.

தாளில் கணக்கு போட்டபின் ஒரு டயரை மட்டும் ரிம்மில் ஏற்றிக் காரில் மாட்டச் சொல்லுங்கள். மட்கார்டின் உள்விளிம்பிலும், ஷாக் அப்சார்பர் பக்கத்திலும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கவரிலும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பட்டையாக அப்புங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, பின்சீட்டே இல்லாத கார் என்பதால் டிக்கியில் மூட்டை முடிச்சை ஏற்றி, மெதுவாக ஒரு வேகத்தடை ஏறி இறங்கி வாருங்கள். திரும்பி வந்து, சக்கரத்தைக் கழற்றி, களிமண்ணைப் பாருங்கள். டயரின் கோடு விழுந்திருந்தால் டயர் அந்த இடத்தில் களிமண்ணைத் தொட்டிருக்கிறது. அழுந்திய இடத்தில் மிச்சமிருக்கும் தடிமனை ஸ்கேலால் அளந்து பாருங்கள், அதுதான் இடைவெளி. உட்பக்கம் 5 மி.மீட்டருக்குக் குறைவாக இடம் இருந்தால் நான் அந்த டயரை விட்டுவிடுவேன். வெளிப்பக்கம் உரசினால் சத்தம் கேட்கும், பெயின்ட் போகும். உட்பக்கம் உரசினால் எதுவும் தெரியாது. பக்கச்சுவர் சத்தமில்லாமல் அறுபட்டுக்கொண்டே இருந்து ஒருநாள் வேகத்தில் வெடிக்கும்.

7. சுமை எண்ணையும் வேக எழுத்தையும் ஒருபோதும் இறக்காதீர்கள்

91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 87 என்றால் 545 கிலோ. டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ., வி என்றால் 240. ‘அந்த வேகத்தில் யார் ஓட்டப் போகிறார்கள்’ என்று கடையில் சொல்வார்கள். வேக எழுத்து டயர் தாங்கும் சூட்டையும் சேர்த்துச் சொல்கிறது. சித்திரை வெயிலில், முழு லோடில், நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடும் டயருக்கு அந்தத் தாங்குதிறன் வேண்டும். போர்ஷே என்றால் பக்கச்சுவரில் என்0, என்1 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காரில் ஓட்டிப் பார்த்து போர்ஷே ஒப்புக்கொண்ட டயர் என்று பொருள். பிஎம்டபிள்யூவுக்கு ஒரு நட்சத்திரம்.

8. முன்னும் பின்னும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்

ஒரே 255 என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உண்மை அகலம் சில மில்லிமீட்டர் மாறும். உயரமும் அப்படியே. உற்பத்தியாளரின் விவரப்பட்டியலில் உண்மை அகலம், விட்டம், எந்த ரிம்மில் வைத்து அளந்தார்கள் என்பது மூன்றும் இருக்கும். நம் பென்சில் கணக்குக்கு மேல் அதை நம்புங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ரப்பர். முன்னால் டிராக்குக்கான ஒட்டும் டயரும் பின்னால் நாள்பட உழைக்கும் சாதா டயரும் இருந்தால், பின்னால் 20 மி.மீ. அகலம் கூட்டி ஹோண்டா வாங்கித் தந்த பாதுகாப்பு அப்படியே கரைந்துபோகும். பின் டயர் சீக்கிரம் தேய்கிறது, அங்கே மலிவானது போதும் என்று நினைக்கும் இடம் இதுதான். காசு போதவில்லை என்றால் நான்கையும் ஒரு படி இறக்கி ஒரே மாடலாக வாங்குங்கள். பின்னதை மட்டும் இறக்காதீர்கள்.

முன் டயரின் மாடலே சந்தையில் நின்றுபோயிருந்தால், பின் ஜோடிக்கு வேறொன்றைத் தேடும்போது நான்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கார் வாங்குவதற்கு முன்பே அதன் முன், பின் அளவு இரண்டும் ஒரே மாடலில் கிடைக்கிறதா என்று பார்ப்பவர் புத்திசாலி.

9. காற்று

குளிர்ந்த டயரில் பாருங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்க்காதீர்கள். பத்து டிகிரி சூடு ஏறினாலே ஒன்றரை பிஎஸ்ஐ கூடிக் காட்டும். எஸ்2000-க்கு முன்னும் பின்னும் 32. உங்கள் காருக்கு முன்னொன்று பின்னொன்று என்று கதவோரத்தில் எழுதியிருந்தால், பங்க்கில் காற்று பிடிக்கும் பையனிடம் இரண்டு எண்ணையும் நீங்களே சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். கோர்வேர் கதை எதற்குச் சொன்னேன் என்று அப்போது புரியும்.

10. தேய்மானமும் அளவுதான்

புது ஸ்போர்ட்ஸ் டயரின் பட்டன் ஆழம் ஏழரை, எட்டு மி.மீ. இருக்கும். சட்ட வரம்பான 1.6 மி.மீ. வரை தேயும்போது சுற்றிலும் 6 மி.மீ. போகிறது, விட்டத்தில் 12 மி.மீ. 627.8-இல் நூற்றுக்கு இரண்டு. கடையில் அரை சதவீதத்துக்கு மன்றாடிவிட்டு, முன்னால் புது டயரும் பின்னால் மொட்டையும் வைத்து ஓட்டுபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

சந்தேகம் இருந்தால் நேரடியாக அளக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் தள்ள, ஒருவர் பார்க்க, டயரின் கோடு மறுபடி தரையைத் தொடும்வரை நகர்த்தி, அங்கேயும் தரையில் ஒரு கோடு போடுங்கள். தரையில் உள்ள இரண்டு கோடுகளுக்கும் நடுவே டேப்பை வைத்தால் டயர் ஒரு சுற்றில் போகும் தூரம் கிடைக்கும். 245/40 ஆர்17 புதிதென்றால் சுமார் 1.91 மீட்டர். இடது பின், வலது பின் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். எஸ்2000-இல் இருப்பதுபோல், இரண்டு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள காரில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தே ஆக வேண்டும். ஒரு பின் டயரில் ஆணி ஏறிப் போனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள்.

அளவு வேறு என்பதால் முன்னதைப் பின்னால் மாற்றிப்போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யும் வழி இந்தக் கார்களில் இல்லை. பின் டயர் உள்விளிம்பில்தான் முதலில் தேயும். நின்றபடி பார்த்தால் தெரியாது. வண்டிக்குப் பின்னால் குனிந்து, கையை உள்ளே விட்டு, விரலால் தடவிப் பாருங்கள். நூல் தட்டுப்பட்டால் அன்றே நிறுத்துங்கள்.

தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் புதிதாக இருந்தாலும் கடையில் பல வருஷம் கிடந்த ரப்பர் விறைத்திருக்கும். அபூர்வமான பின் அளவுகளில் இது அடிக்கடி நடக்கும்.

11. மழைக்குத் தனியாக யோசியுங்கள்

அகலமான டயர் தண்ணீரை அதிக அகலத்துக்கு விலக்க வேண்டியிருக்கிறது. விலக்க முடியாத வேகத்தில் அது நீர்மேல் மிதக்கும். அகலமான பின் டயர் தேய்ந்தும் இருந்தால், முன் டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போதே பின்னது மிதக்கும். மூன்றாவது அறிவுரையில் சொன்ன வால் வீச்சு, காய்ந்த சாலையில் வரவே வராத வேகத்தில் வந்துவிடும். ஊரில் மழைக்காலம் உண்டென்றால், பின் டயரை 3 மி.மீட்டருக்குக் கீழ் இறங்கவிடாதீர்கள். அகலமா, பட்டன் ஆழமா என்று ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ஆழத்தை வாங்குங்கள்.

12. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

நான்கும் ஒரே அளவு என்று பழகிய கைகள், ஸ்டாகர்ட் காரில் எளிதாகத் தவறும். முன், பின் அளவை ஒரு தாளில் பெரிதாக எழுதி வண்டியின் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். அம்புக்குறி இருந்தால் அது வண்டி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். அம்பு இல்லாமல் வெளிப்பக்கம், உட்பக்கம் என்று எழுதிய டயராக இருந்தால் வெளிப்பக்க எழுத்து வெளியே தெரிய வேண்டும். பின் டயர் மாற்றிய அன்றே நான்கு சக்கர அலைன்மென்ட் பாருங்கள். முன்னதை மட்டும் பார்த்து அனுப்பும் கடையில் பார்க்காதீர்கள். எஸ்2000-இன் பின் சக்கரம் சுமார் ஒன்றரை டிகிரி உள்சாய்வோடு நிற்க வேண்டும். அதன் கணக்குத் தாளை வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த ஜோடி தேயும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புது டயரின் மேல்பரப்பில் அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய வழுவழுப்பு கொஞ்சம் இருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு வளைவில் அழுத்தாதீர்கள், ஈரச்சாலையில் நிச்சயமாகக் கூடாது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ஸ்பானரால் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.